வியன்னாவில் ஒரு மிலிட்டரி ஓட்டல்

மதுரையில் மிலிட்டரி ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு வருஷத்தில் ஒரு மாதந்தான் ஓய்வு. அதுவும் அவர்களாக எடுத்துக்கொள்ளும் ஓய்வன்று, பெருமாள் பார்த்துக் கொடுக்கிற ஓய்வு. புரட்டாசி பிறந்துவிட்டால் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் கவுச்சியைத் தொடுவதில்லை. சனிக்கிழமைகளிலோ மீதிப்பேரும் வீட்டுப் பெண்களின் கண்டிப்புக்குப் பயந்து கடைப்பக்கம் தலைகாட்டுவதில்லை. கறி வாங்குவது குறைந்து, சரக்கு மாஸ்டர் சொந்த ஊருக்குப் பஸ் ஏறி, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் அந்த மாதத்தில்தான், 1988-ஆம் வருஷம், என் தாய்மாமன் அத்தையையும் அழைத்துக்கொண்டு பம்பாய் வழியாக வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பாவைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அக்காள் மகன் பாஷை தெரியாத தேசத்தில் குடும்பம் நடத்துகிறானே, அவன் வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று நேரில் விசாரித்துவிட்டுப் போகவேண்டும் என்பதே அந்த யாத்திரையின் உத்தேசம்.

அக்காலத்தில் நான் சர்வதேச அணுசக்தி முகமையில் ஒரு சாதாரண உத்தியோகத்தில் இருந்தேன். ஆரம்பத்தில் ரிங் சாலையிலுள்ள பழைய கிராண்ட் ஹோட்டலில் குடியிருந்த அந்த ஸ்தாபனம், 1979-இல் டான்யூப் நதிக்கு அக்கரையில் திறக்கப்பட்ட வளைந்த கோபுரங்களுக்கு மாறிவிட்டிருந்தது. விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதில் எனக்கு ஓரளவு பழக்கமும், பழக்கத்தினால் வரும் கர்வமும் உண்டு. எந்தத் தேவாலயத்தின் முன்னால் எந்த அரசனைப் பற்றி என்ன சொல்லவேண்டும் என்பதெல்லாம் நாவின் நுனியில் இருந்தது. ஆனால் மாமாவிடம் அந்தச் சரக்கு விலைபோகவில்லை. ஷோன்புரூன் அரண்மனையில் 1,441 அறைகள் உண்டு என்று நான் பெருமையோடு சொல்லி முடிப்பதற்குள், "அம்புட்டுப் பேருக்கும் எங்கே மாப்ளே உலை வச்சாங்க?" என்று கேட்டார். பிராட்டர் பூங்காவில் 1897-இலிருந்து சுழன்றுகொண்டிருக்கும் அந்த இராட்சத ராட்டினத்தில் ஏறி, நகரம் முழுவதையும் காலடியில் பார்த்துவிட்டு இறங்கியவர், "காத்து நல்லா வருது" என்பதற்கு மேல் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. நாஷ்மார்க்ட் சந்தையில் மட்டும் அரை நாள் நின்றார். கத்திரிக்காயைத் தட்டிப் பார்த்தார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். புளிக்கத் தொடங்கியிருக்கும் புதுத் திராட்சைச் சாற்றை, அந்தப் பருவத்துக்கே உரிய கலங்கலோடு, மூடியை இறுக்காமலே பாட்டிலில் விற்பதைப் பார்த்து, மூடினால் வெடிக்கும் என்று அவராகவே சொல்லித் தலையை ஆட்டினார்.

வந்த நாள் தொட்டு அத்தை எங்கள் வீட்டு அடுப்பைத் தன் சுவாதீனத்தில் எடுத்துக்கொண்டுவிட்டபடியால், சாம்பாரும் ரசமும் வற்றல் குழம்புமாக எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. "சோறு நம்ம ஊர்லயும் கிடைக்கும். இந்த ஊர்க்காரன் என்ன திங்கிறான்னு பாக்காமப் போனா, கடையில வந்து கேக்கிறவனுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். வியன்னாக்காரன் என்ன சாப்பிடுகிறான் என்ற கேள்விக்கு விடை ஒன்றே. இறைச்சியை மெல்லிய தகடாகத் தட்டி, மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரித்து எடுக்கிற ஷ்னிட்ஸெல்தான் அது. ஸ்டெஃபான் தேவாலயத்துக்கு அருகே வோல்சைலே என்ற வீதியின் சந்து ஒன்றில், 1905 முதல் நடந்துவரும் ஃபிக்ல்ம்யுல்லர் என்ற கடை அதற்கு உலகப் பிரசித்தம். அங்கே தட்டின் விளிம்பையும் தாண்டித் தொங்கும் பன்றியிறைச்சி ஷ்னிட்ஸெலுக்காக வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பதை இன்றும் பார்க்கலாம். எனக்கு வரிசையில் நின்று சாப்பிடுவதில் என்றுமே பிரியம் கிடையாது. ஆகவே யோசெஃப்ஷ்டாட் பகுதியில், டிராம் செல்லும் சாலையிலிருந்து சற்று ஒதுங்கி, அக்கம்பக்கத்தார் மட்டுமே வந்து போகும் ஒரு காஸ்ட்ஹவுஸைத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் வழக்கமாகப் போகும் இடம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை, மற்ற நாட்களில் எனக்கு ஆபீஸ், எஞ்சியது சனிக்கிழமை. புரட்டாசிச் சனிக்கிழமை! அத்தை தலைமுழுகி, நெற்றியில் நாமம் துலங்க, "நீங்க சாப்பிடுங்கய்யா, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்று சொல்லிக் கொண்டுதான் கிளம்பினாள்.

அந்தக் காஸ்ட்ஹவுஸைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆள் உயரத்துக்குச் சுவரெல்லாம் கறுத்த மரப்பலகை. அதற்கு மேல், எத்தனையோ வருஷத்துச் சிகரெட் புகையினால் மஞ்சள் பூத்த சுண்ணாம்பு. மூலையில் பச்சை ஓடு பதித்த பழைய கணப்பு. கோட்டு மாட்டப் பித்தளைக் கொக்கிகள். வாசலுக்கு நேரே உள்ள பெரிய வட்டமேஜை தெருவாசிகளான சில கிழவர்களுக்குப் பாத்தியப்பட்டது. கடையில் வேறு இடமே இல்லையென்றாலும் அந்நியர் யாரும் அதில் உட்காருவதில்லை. உள்ளே வருகிறவர் பொதுவாக எல்லோரையும் பார்த்து ஒரு வந்தனம் சொல்வார்; எல்லோரும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொல்வார்கள். மாமா நுழைந்தவுடன் இதையெல்லாம் ஒரு பார்வையில் அளந்துவிட்டு, எதையோ தேடுகிறவராய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கல்லா எங்கே மாப்ளே?"

கல்லா இல்லை. பரிசாரகரே இடுப்பில் ஒரு பெரிய தோல் பையைக் கட்டிக்கொண்டு, கணக்கெழுதி, பணம் வாங்கி, மீதியும் கொடுப்பார் என்று விளக்கினேன். மாமா நம்பமுடியாமல் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மொதலாளி எங்கே உக்காருவாரு?" முதலாளி உட்காருவதே இல்லை, அடுக்களையிலோ பீப்பாய்களுக்கு அருகிலோ நின்றுகொண்டிருப்பார் என்றபோது, அந்த ஊரில் வந்திறங்கியது முதல் முதன்முறையாக அவர் முகத்தில் மரியாதை தோன்றியது.

வியன்னாப் பரிசாரகர்களின் கடுகடுப்பு ஒரு சம்பிரதாயம். அதை அவர்கள் தொழிலின் ஓர் அங்கமாகவே பயின்று பேணுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். எங்கள் பரிசாரகர் நடு வயதுக்காரர், கறுப்பு அரைக்கோட்டு, சிரித்து நான் கண்டதில்லை. ஆனால் எட்டு வயதான என் மகளிடம் மட்டும் அவருக்குத் தனிப் பிரியம். அவள் பேசிய வியன்னா வட்டார வழக்கு, ஆபீஸில் நான் கற்ற புத்தக ஜெர்மனைவிட அவர் காதுக்கு இனிமையாக இருந்ததே காரணம். அன்றும் அவர் நேரே அவளிடம் குனிந்து, சின்னப் பெண்ணுக்கு வழக்கம் போலத்தானே என்று கேட்டார். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அடைமொழி ஏதுமின்றி 'வியன்னா ஷ்னிட்ஸெல்' என்று எழுதியிருந்தால் அது கன்றின் இறைச்சியாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஆஸ்திரிய உணவுச் சட்டத்தின் விதி. பன்றி என்றால் பன்றி என்றும், வான்கோழி என்றால் வான்கோழி என்றும் பட்டியலில் வெளிப்படையாக எழுதியாகவேண்டும். என் மகளுக்கு 'வழக்கம் போல' என்பது என்ன என்பதைப் பரிசாரகர் விஸ்தாரமாகச் சொல்ல, அவள் அதைப் பாட்டிக்கு உற்சாகமாகத் தமிழில் எடுத்துரைக்க வாயெடுக்க, மேஜைக்கு அடியில் என் மனைவியின் கை அவள் தொடையைக் கிள்ளியது. அத்தை நாமத்தைச் சரிசெய்துகொண்டு கணப்பின் பச்சை ஓடுகளை ரசித்துக்கொண்டிருந்தாள்.

கன்று மாமாவுக்கு ஆகாது. பன்றி அவர் கடைப் படியேறாத பண்டம். ஆகவே வான்கோழி என்று தீர்மானமாயிற்று. அத்தைக்கு எளிதில் வழி காணலாம் என்று எண்ணினேன். காலிஃபிளவரையும் காளானையும் இதே முறையில் பொரித்துக் கொடுப்பார்கள். உருளைக்கிழங்கு சாலடும் உண்டு. அப்போதுதான் மாமா தொழிற்காரரின் கேள்வியைக் கேட்டார்:

"அதெல்லாம் சரி, எதுல பொரிக்கிறாங்க?"

இத்தனை காலம் அங்கே சாப்பிட்ட எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. மகள் பரிசாரகரிடம் கேட்டாள். அவர் அடுக்களைக்குப் போய் வந்து சொன்னார்: பன்றிக் கொழுப்பு. சரி, பொரித்தது வேண்டாம், சாலட் கொடுங்கள் என்றால், வியன்னா முறைப்படி அந்த உருளைக்கிழங்கு சாலடில் வினிகரோடு சூடான மாட்டிறைச்சி ரசத்தையும் ஊற்றித்தான் பிசைகிறார்களாம். வேறு எண்ணெயில் காலிஃபிளவர் பொரிக்கட்டுமா என்றால், மேலே முட்டைத் தோய்ச்சல். ஒவ்வொன்றாக வாசல்கள் அடைபட அடைபட, பரிசாரகரின் கடுகடுப்பு எங்கோ போய், அவர் முகத்தில் ஒரு வழக்கறிஞரின் ஊக்கம் வந்துவிட்டது. மீசையை நெருடிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். திரும்பி வந்தபோது சமையற்காரர் சொல்லியனுப்பிய தீர்ப்பு தயாராக இருந்தது. காலிஃபிளவரை வெந்நீரில் வேகவைத்து, அதே ரொட்டித்தூளை வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவித் தருவார். முட்டை இல்லை, கொழுப்பு இல்லை. வியன்னா வீடுகளில் பாட்டிமார் செய்கிற பழைய பதார்த்தந்தான் அது. ஐயாவின் வான்கோழியைத் தனிச் சட்டியில், உருக்கித் தெளியவைத்த வெண்ணெயில் பொரிப்பார்.

"உருக்கித் தெளியவச்ச வெண்ணெயா? அடேயப்பா, நெய்யில்ல அது!" என்றார் மாமா. "நெய்யில கறி பொரிச்சுக் கட்டுபடியாகுதா இவனுகளுக்கு?"

காத்திருந்த நேரத்தில், வழிகாட்டி என்ற ஹோதாவில் நான் ரதெட்ஸ்கியின் கதையைச் சொன்னேன். இத்தாலியில் மிலான் நகரத்தை ஆண்ட ஆஸ்திரியப் படைத்தலைவர் ரதெட்ஸ்கி, அங்கே ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியைத் தின்று மயங்கி, 1857-இல் அந்தப் பக்குவத்தை வியன்னா அரண்மனைக்குக் கொண்டுவந்தார் என்பது ஐதீகம். அவர் பெயரால் மூத்த ஸ்ட்ராவுஸ் 1848-இல் இயற்றிய அணிவகுப்பு இசைக்குத்தான் புத்தாண்டுக் கச்சேரியில் சபையோர் கைதட்டித் தாளம் போடுகிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் இந்தச் சமையல் கதையை ஒப்புக்கொள்வதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இப்பக்குவம் வியன்னாவில் வழங்கியதற்கு அக்காலத்துச் சமையற் புத்தகங்கள் சாட்சி. மாமா ஆராய்ச்சியைக் காதில் வாங்கவில்லை. படைத்தலைவர் என்ற சொல் மட்டும் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"பட்டாளத்துக்காரரா கொண்டாந்தாரு? அப்ப இதுவும் மிலிட்டரி ஓட்டல்தான், சொல்லு!" என்று, வட்டமேஜைக் கிழவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஓய்ந்தபோது அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது. தொப், தொப், தொப் என்று மரத்தின்மேல் ஏதோ கனமான பொருள் விழும் சத்தம். மாமா காதைச் சாய்த்தார். "கேட்டதுக்கு அப்புறந்தான் தட்டுறான். முன்னாடியே தட்டி வச்சுக்கலை" என்றார். சற்றைக்கெல்லாம் இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். தானும் இதே தொழிலில் இருப்பவன், ஒரு நிமிஷம் உள்ளே பார்க்கலாமா என்று பேத்தியை விட்டுக் கேட்கச் சொன்னார். வேறு யார் கேட்டிருந்தாலும் அந்த வாசல் திறந்திருக்காது என்றே நினைக்கிறேன். முதலாளி தாமே கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமாவை ஏற இறங்கப் பார்த்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சமையற்காரர் வியன்னாக்காரர் அல்லர். 1966-இல் ஆஸ்திரியாவும் யூகோஸ்லாவியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒட்டி, வேலை தேடி வந்து குடியேறிய எண்ணிறந்தவர்களில் அவரும் ஒருவர். ஸெர்பிய நாட்டுக் கிராமத்தார். தடித்த இறைச்சித் துண்டை நாருக்குக் குறுக்கே பாதிவரை அறுத்து, ஓரத்தை விடாமல் புத்தகத்தைத் திறப்பதாக விரித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை மூடினார். தாள் எதற்கு என்று மகள் கேட்டாள். நார் அறுந்துவிடக் கூடாது; இறைச்சி பரவவேண்டுமே தவிர, கிழியக் கூடாது. கைப்பிடி வைத்த ஒரு தட்டையான இரும்பினால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஓங்காமல், அதன் சொந்தக் கனத்தில் விழவிட்டு அடித்தார். துண்டு அரை விரற்கடைக்கும் மெலிந்து உள்ளங்கை அளவிலிருந்து தட்டளவுக்கு விரிந்தது. உப்பு. பிறகு மூன்று தட்டுகள். முதலாவதில் மாவு, மெல்லத் தட்டி உதறினார். இரண்டாவதில் முட்டை, அதையும் நுரைக்க அடிக்காமல் முள்கரண்டியால் சும்மா கலக்கி வைத்திருந்தார். மூன்றாவதில், காய்ந்த கைஸர் ரொட்டியைப் பொடித்த தூள். தூளில் துண்டைப் புரட்டினாரே ஒழியக் கையால் அழுத்தவில்லை. உடனே, ஒரு விநாடியும் காயவிடாமல், இரண்டு விரல் ஆழம் நெய் நின்ற கறுத்த இரும்புச் சட்டியில் இறக்கினார். இறக்கியவர் கரண்டியை எடுக்காமல், சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார். சூடான நெய் அலையலையாக மேலே ஏறி இறங்க, மேலோடு இறைச்சியைவிட்டு விலகி, மடிப்பு மடிப்பாக எழும்பியது.

"பூரி உப்புறாப்ல!" என்றார் மாமா. உடனே அதன் காரணத்தையும் சொல்லிவிட்டார். உள்ளேயிருக்கிற ஈரம் ஆவியாகி மேலோட்டைத் தூக்குகிறது. அழுத்திப் பூசியிருந்தால் தூள் இறைச்சியோடு ஒட்டிக்கொண்டு எழும்பாது. நெய் தணிந்திருந்தால் தூள் அதைக் குடித்துவிடும். மிஞ்சிக் காய்ந்திருந்தால் வெளியே கருகி உள்ளே வேகாது. இதை அவர் மதுரைத் தமிழில் சொல்ல, மகள் வியன்னா ஜெர்மனில் சொல்ல, ஸெர்பியக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையசைத்தார். பிறகு அந்த இரும்பை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அதைக் கனம் பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

மேஜைக்குத் திரும்பியதும் அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "நம்ம கடையில கறி கொஞ்சம் முத்தலா அமைஞ்சா மிளகைக் கூட்டிச் சமாளிச்சிரலாம் மாப்ளே. இங்கே மசாலா இல்லை, குழம்பு இல்லை, ஒளிச்சுவைக்க இடமே இல்லை. கையொண்ணுதான்." சற்று நிறுத்தி, "அதுவும் வெளியூர்க் கை" என்றார். அவருடைய சரக்கு மாஸ்டரும் மதுரைக்காரர் அல்லர். ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து சிறுவனாக வந்து பாத்திரம் தேய்த்து மேலே வந்தவர். ஆனால் மதுரைக் கோலா உருண்டையின் மகிமையைப் பேசுகிறவர்கள் அவரைக் கண்ணால் கண்டதில்லை. ரதெட்ஸ்கி கொண்டுவந்தாரா இல்லையா என்று பண்டிதர்கள் வாதாடிக்கொண்டிருக்கும் பாரம்பரியத்தை, ஒரு ஸெர்பியக் கிராமத்தார் நாள்தோறும் சட்டியைச் சுழற்றிக் காப்பாற்றிவருவதை மாமா ஒருவர்தான் கண்டுபிடித்தார். நான் அறிந்த வியன்னா வரலாற்று நூல் எதிலும் இது இல்லை.

ஷ்னிட்ஸெல் வந்தது. தட்டின் விளிம்பை மறைத்துக்கொண்டு, ஈரம் படாத பொன்னிறத்தில், ஒரு எலுமிச்சைத் துண்டு மட்டும் துணையாக. பக்கத்தில் கொத்தமல்லியின் உறவாகிய ஒரு கீரையைத் தூவிய வெண்ணெய் உருளைக்கிழங்கு. சால்னா எங்கே என்று மாமா தேடுவார் என்று எதிர்பார்த்தேன். தேடியது என் மனைவியின் கண்களும் அத்தையின் கண்களுந்தான். மாமா அத்தையிடம் வியன்னாக்காரராகவே மாறிவிட்டார்: "சால்னா ஊத்துனா மொறுமொறுப்பு என்னத்துக்காகும்? அந்த மனுஷன் எதுக்குச் சட்டியை ஆட்டிக்கிட்டு நின்னான்?" ஷ்னிட்ஸெலின் மேல் குழம்பு ஊற்றுவதை வியன்னாவில் ஓர் அபசாரமாகவே கருதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. கத்தி முள் விவகாரத்தை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டு, கத்தியால் கீறி, கையால் எடுத்து, எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்து சாப்பிட்டார். அத்தை காலிஃபிளவரை முதலில் முகர்ந்து, பிறகு ஒரு சிறு பூவைக் கிள்ளி வாயில் போட்டு, "வாசமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய்ப் புட்டியை எடுத்துத் திறந்தாள். பரிசாரகர் அதைப் பார்த்தும் பார்க்காதவராகக் கடந்துபோனது அவருடைய பெருந்தன்மை.

பில் கொடுப்பது யார் என்ற தமிழ்நாட்டு யுத்தத்தை விவரிக்கத் தேவையில்லை. ஷில்லிங் என் பையில் இருந்தபடியால் நான் ஜெயித்தேன். சமையற்காரருக்குத் தனியாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். பரிசாரகரிடம் தொகையைக் கூட்டிச் சொன்னால் அதுதான் இங்கே முறை என்றேன். "அது இவனுக்கு. அவனுக்கு?" என்றார். கடைசியில், மகளை அழைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

எவ்வளவு சாப்பிட்டும் வான்கோழியில் பாதி மிஞ்சிவிட்டது. கேட்காமலே அதை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவது அங்குள்ள வழக்கம். மறுநாள் ரொட்டிக்குள் வைத்து ஆறினபடியே தின்பார்கள். மறுநாள் ஞாயிறு. வியன்னாவின் பழைய அடுக்குவீடுகளில், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குச் சற்று முன்பாக, முற்றத்தைச் சுற்றியுள்ள சமையலறை ஜன்னல்களிலிருந்து அதே தொப், தொப் சத்தம் எழும். மாமா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூன்றாம் மாடியில் அடிக்கிறவளுக்குக் கை பழகவில்லை, கோபமாக அடிக்கிறாள் என்றெல்லாம் விமரிசனம் செய்துகொண்டிருந்தார். இதற்கிடையில் அத்தை அலுமினியத் தாளைப் பிரித்துவிட்டாள். விரதம் நாவுக்குத்தான், கைக்கு இல்லை என்பது மிலிட்டரி ஓட்டல்காரர் மனைவியின் சித்தாந்தம். வெங்காயம், பச்சைமிளகாய், ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கறிவேப்பிலை எல்லாவற்றையும் வதக்கி, ஷ்னிட்ஸெலைப் பொடிப்பொடியாகக் கொத்திப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றி, மிளகைத் தூவிக் கிளறினாள். வாசனை ஜன்னல்வரை போயிற்று.

மாமா பதறிக்கொண்டு ஓடிவந்தார். "அடிப்பாவி! ஒரு மனுஷன் பார்த்துப் பார்த்து உப்பவச்சதை இப்படிக் கொத்திப்புட்டியே!"

"சத்தம் போடாதீங்க. நான் வாயில வைக்க முடியாது. உப்பு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார், வாயில் போட்டார், கூரையைப் பார்த்து யோசித்தார். ஒரு பிடியில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.